ஜக்கையனின் இளம் மூளை

டாக்டர் மாரீஸ்வரனுக்குப் பாடம் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வயது ஐம்பத்திரண்டு. போடிநாயக்கனூரில் சொந்தமாக ஸ்கேன் சென்டர். இன்றைக்கு ஊரில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் பாதிப் பேரை அவர்கள் பிறப்பதற்கு முன்பே திரையில் பார்த்துவிட்ட மனிதர். வயிற்றுக்குள் இருப்பது கல்லோ கட்டியோ குழந்தையோ, ஒரு தடவு தடவிப் பட்டென்று சொல்லிவிடுவார். மூளை என்று வந்தால் மட்டும் கதை வேறு. படிக்கிற காலத்தில் மூளைப் படங்களைப் பரீட்சைக்காகப் படித்தார், பரீட்சை முடிந்ததும் நிம்மதியாக மறந்தார். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க இத்தனை வருஷம் அவசியம் வரவில்லை.

போன வருஷம் சிடி மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. மெஷின் படம் எடுக்கும், படத்தைப் படிக்காது. எடுத்த படத்தையெல்லாம் மதுரைக்கு அனுப்பினால் சாயங்காலம் முடிவு வரும். அதுவரை தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆளை வீட்டுக்கு அனுப்புவதா, ஆம்புலன்சில் ஏற்றுவதா என்று தெரியாமல் அவர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். சொந்தக் கடையில் சொந்தப் படத்தைப் படிக்கத் தெரியாமல் நிற்பது அவருக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் முத்துப்பிரியா கிடைத்தாள். மாரீஸ்வரனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காசிமாயனின் மகள். சின்ன வயதில் இவர் ஊசியை எடுத்தாலே தெருமுனை வரைக்கும் ஓடுகிற பிள்ளை, இப்போது மதுரையில் மூளைப் படங்களையும் தண்டுவடப் படங்களையும் மட்டுமே பார்க்கிற நிபுணர். அங்கே மேல்படிப்பு மாணவர்களுக்குப் பாடமும் எடுக்கிறாள். சனிக்கிழமை காலை ரயிலில் அப்பா அம்மாவைப் பார்க்க வருவாள். வருகிற வழியில் இரண்டு மணி நேரம் சென்டருக்கு வந்து சொல்லிக் கொடுக்க முடியுமா என்று மாரீஸ்வரன் கேட்டார். முடியும் என்றாள். ஆனால் வகுப்புக்குள் அவர் சித்தப்பா இல்லை, மாணவர் என்று சொல்லிவிட்டாள்.

விஷயம் பரவி, அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள் இரண்டு பேர், எலும்பு டாக்டர் ஒருவர் என்று இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அவள் பாடம் எடுக்கும் விதமே தனி. படத்தைத் திரையில் போட்டுவிட்டு, என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்பாள். வெள்ளையாக இருக்கிறதா, கறுப்பாக இருக்கிறதா, எங்கே இருக்கிறது, எதைத் தள்ளுகிறது, இவ்வளவுதான் சொல்ல வேண்டும். கண்ணில் பட்டதைச் சொல்லி முடிப்பதற்கு முன் யாராவது நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்கு எல்லாருக்கும் வடை வாங்கித் தர வேண்டியது அவர்தான். பார்த்ததும் பேர் வைத்துப் பழகிய மாரீஸ்வரன் முதல் ஒன்றரை மாசம் சனிக்கிழமை தவறாமல் வடை வாங்கினார். வடைக்கடைக்காரர் இவருக்கு வீட்டில் ஏதோ விசேஷம் போல என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் சொல்லிக் கொடுத்த முதல் சூத்திரம், இடத்தையும் வலத்தையும் ஒப்பிடுவது. கடவுள் ஒரே தலைக்குள் ஒன்றுபோல இரண்டு பாதியை வைத்திருக்கிறார், ஒரு பக்கம் சந்தேகமாக இருந்தால் மறுபக்கத்தைக் கேளுங்கள் என்பாள். அது மாரீஸ்வரனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அடுத்து ரத்தம். மண்டைக்குள் புதிதாகக் கசிந்த ரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். நாள்பட்டால் கறுத்துவிடும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு கட்டம் உண்டு, அது ரொம்பப் பொல்லாதது என்றும் அவள் சொன்னாள். சொன்ன நேரத்தில் வடைத்தட்டு உள்ளே வந்தது. மாரீஸ்வரனின் காது தட்டின் பின்னால் போய்விட்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை ஜக்கையனை அழைத்துக்கொண்டு ஆயம்மாள் வந்தாள்.

ஜக்கையனைத் தெரியாதவர்கள் போடியில் கிடையாது. வீடு இங்கே, ஏலக்காய்த் தோட்டம் மலைக்கு மேலே பூப்பாறைப் பக்கம். எழுபத்தொரு வயதிலும் விடிந்தால் ஜீப்பு ஏறிவிடுவார். அவருடைய கோபம் ஊரறிந்தது. ஏல மையத்தில் ஒரு பிடி காயை எடுத்து மோந்து பார்த்து அவர் போடுகிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். ஆனால் மாரீஸ்வரன் சென்டர் திறந்த புதிதில், ஆளே வராமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், வயிற்று வலி என்று பொய் சொல்லி வந்து படுத்து ஸ்கேன் எடுத்துக்கொண்டவர் இந்த ஜக்கையன்தான். வெளியே போய் நாலு கடையில் நின்று, அந்த டாக்டர் பயல் என் வயிற்றை அரை மணி நேரம் விடாமல் தேய்த்துவிட்டான் என்று திட்டித் திட்டியே இவரை ஊருக்கு அறிமுகம் செய்துவைத்தார். அந்த நன்றி மாரீஸ்வரனுக்கு நெஞ்சில் இருந்தது.

கொஞ்ச நாளாகத் தலைவலி, நடை தளர்ந்திருக்கிறது, சொன்னதையே மறந்துபோகிறார் என்று ஆயம்மாள் சொன்னாள். வைத்தியம் பார்க்கிற டாக்டர், மறதி நோயாக இருக்கலாம், மூளை சுருங்கியிருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லியிருந்தார். அவள் முகம் வாடிப்போயிருந்தது. மறதி நோய் என்றால் மருந்து கிடையாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாரீஸ்வரன் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இதயத்துக்கு ரத்தத்தை இளக்குகிற மாத்திரை ஒன்று சாப்பிடுகிறார். தலையில் அடி கிடி பட்டதா என்று கேட்டதற்கு, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் இல்லை என்றார்கள்.

படம் வந்தது. மாரீஸ்வரன் கதவைச் சாத்திக்கொண்டு, கற்ற பாடத்தை ஒன்றுவிடாமல் செய்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். இரண்டும் அச்சு எடுத்தது போல ஒன்றாகவே இருந்தன. வெள்ளையாக எதுவும் இல்லை, கறுப்பாக எதுவும் இல்லை. நடுக்கோடு நேராக இருந்தது. அதைவிட முக்கியமாக, மூளை சுருங்கவே இல்லை. மடிப்புகளுக்கு நடுவில் இடைவெளியே தெரியாமல் மண்டை நிறைய நிறைந்திருந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு மூளைப் படத்தை மதுரைக்கு அனுப்பாமல், தன் கையாலேயே நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து, "அண்ணே, உங்களுக்கு இருபத்தஞ்சு வயசுப் பய மூளைண்ணே, ஒரு கோளாறும் இல்ல" என்றார்.

ஆயம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஜக்கையன் சிரித்துக்கொண்டே, "அப்படியா தம்பி, சந்தோசம்" என்றார். ஜக்கையன் என்கிற மனிதரைத் தெரிந்த எவனும் அந்தச் சிரிப்பைக் கண்டு பயந்திருக்க வேண்டும். மாரீஸ்வரன் தன் சந்தோஷத்தில் இருந்தார். வியாழக்கிழமைக்குள் ஜக்கையனின் இளம் மூளை பற்றிப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேச்சாகிவிட்டது.

சனிக்கிழமை வகுப்பில் முத்துப்பிரியா வித்தியாசமாக ஆரம்பித்தாள். இன்றைக்கு நோயே கிடையாது, எல்லாம் நல்ல மூளைகள், வயதை மட்டும் கண்டுபிடியுங்கள் என்றாள். போடிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கமும் சொன்னாள். புதிதாகப் பறித்த ஏலக்காயில் விதை தோலோடு ஒட்டி இருக்கும். காய்ந்து நாளான காயில் விதை சுருங்கிப்போய், ஆட்டினால் உள்ளே குலுங்கும். மூளையும் அப்படித்தான், எழுபது வயதில் மண்டைக்குள் கொஞ்சம் குலுங்குகிற அளவுக்கு இடம் விட்டிருந்தால் அதுதான் நல்ல மூளை. மடிப்புகள் விரிந்திருக்கும், உள்ளே நீர் நிற்கும் அறைகள் பெருத்திருக்கும், அதைக் கண்டு பதற வேண்டாம் என்றாள்.

மாரீஸ்வரன் வரிசையாக வயதைச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பாராட்டும் வாங்கினார். அந்தத் தெம்பில், நானும் ஒரு படம் வைத்திருக்கிறேன், நீ சொல் பார்ப்போம் என்று ஜக்கையனின் படத்தைப் பேர் தெரியாதபடி திரையில் போட்டார். அவள் மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, முப்பதுக்குள் இருக்கும் என்றாள்.

மாரீஸ்வரன் மேசையைத் தட்டிச் சிரித்தார். எழுபத்தொன்று என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முத்துப்பிரியா சிரிக்கவில்லை. நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சாம்பல் நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரியும்படி படத்தின் வெளிச்சத்தை மாற்றினாள்.

"இவரு இப்ப எங்க இருக்காரு சித்தப்பா?"

வகுப்பில் அவள் சித்தப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மாரீஸ்வரன் சிரிப்பை நிறுத்தினார்.

அவள் பதிலைச் சொல்லிவிடவில்லை. அந்த நேரத்திலும் அவளுக்குள் இருந்த வாத்தியார் விடவில்லை. ஒரு மடிப்பின் மேல் விரலை வைத்து, அது வெளிப்பக்கம் எதுவரைக்கும் போகிறது என்று காட்டச் சொன்னாள். மாரீஸ்வரன் விரலை நகர்த்தினார். மடிப்பு எலும்பு வரைக்கும் போகவில்லை. ஒரு விரல்கடை தூரத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அடுத்த மடிப்பும் அங்கேயே நின்றது. அதற்கடுத்ததும் அப்படித்தான். மறுபக்கம் போனார். அங்கேயும் அதே இடத்தில் நின்றன. மடிப்புகள் நின்ற இடத்துக்கும் எலும்புக்கும் நடுவில், மூளையின் நிறத்திலேயே ஒரு பட்டை மண்டையோட்டைச் சுற்றி ஓடியது. மூளை என்று நினைத்து அவர் கணக்கில் சேர்த்துக்கொண்ட பட்டை அது.

"இது மூளை இல்ல" என்றார் மாரீஸ்வரன். "ரத்தம்."

ஆமாம் என்றாள். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு கட்டம் உண்டு என்று சொன்னது இதைத்தான். கசிந்து இரண்டு மூன்று வாரமான ரத்தம் மூளையின் நிறத்துக்கே வந்து கலந்துவிடும், கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் கசிந்திருந்தால் நடுக்கோடு தள்ளிப்போய்க் காட்டிக்கொடுத்திருக்கும். இவருக்கு இரண்டு பக்கமும் கசிந்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்துகிறது. இடமும் வலமும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும்போது ஒப்பிட்டு என்ன பிரயோஜனம். அழுத்தத்தில் மடிப்புகள் நெரிந்து மூடிக்கொண்டதால்தான் மூளை நிறைந்து தெரிகிறது. வயதானவருக்கு இளம் மூளை தெரிந்தால், சந்தோஷப்படுவதற்கு முன் மண்டையோரத்தைப் பார்க்க வேண்டும் என்று மற்றவர்களையும் பார்த்துச் சொன்னாள். பிறகு மாரீஸ்வரனிடம் திரும்பினாள்.

மண்டையில் சின்னத் துளை போட்டு ரத்தத்தை வடித்துவிட்டால் ஆள் பழையபடி ஆகிவிடுவார், பெரும்பாலும் மறுநாளே தெரியும். விட்டுவைத்தால் எந்த நேரமும் நினைவு தப்பலாம், அப்புறம் எதுவும் நம் கையில் இல்லை என்றாள். மதுரையில் மூளை அறுவை டாக்டரிடம் இப்போதே பேசுகிறேன், நீங்கள் ஆளைக் கொண்டுவாருங்கள் என்று போனை எடுத்தாள்.

மாரீஸ்வரன் ஜக்கையன் வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்த பேரன், தாத்தாவுக்கு மூளை ஜம்மென்று இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாத்தாவும் ஆச்சியும் காலையிலேயே தோட்டத்துக்கு ஜீப்பு ஏறிவிட்டார்கள் என்றான். மேலே சிக்னல் கிடையாது. ரிப்போர்ட் கொடுத்த கையே அவரை மலையேற்றி அனுப்பியிருக்கிறது என்று நினைத்தபோது மாரீஸ்வரனுக்குத் தன் கையெழுத்தின் மேலேயே வெறுப்பு வந்தது.

ஜீப்பு ஸ்டாண்டில் மொக்கையனின் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்ததால், மாரீஸ்வரன் பின்னால் உர மூட்டைகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டார். வெரசாப் போகச் சொன்னார். வளைவு வளைவாக ஏறிப் போடிமெட்டைத் தாண்டியதும் பனி மூடியது. அதற்கப்புறம் தார் ரோடு முடிந்து தோட்டத்துப் பாதை ஆரம்பித்தது. எதிரே இருந்த இரண்டு தோட்டத்து ஆள்கள் பேச்சை நிறுத்தாமலே துண்டை அவிழ்த்துத் தலையில் சுற்றிக்கொண்டார்கள். ஏன் என்று யோசிப்பதற்குள் ஜீப்பு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மாரீஸ்வரனின் உச்சந்தலை கூரைக் கம்பியில் மடேரென்று மோதியது. கண்ணில் பொறி பறந்தது. எதிர் ஆள், அது அப்படித்தான் சார், குனிஞ்சு உக்காருங்க என்பதுபோல் கையைக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். வெளியூர்க்காரர்கள் அந்தத் துண்டைக் குளிருக்குக் கட்டுவதாக நினைப்பார்கள். போடியிலேயே பிறந்த மாரீஸ்வரனும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இன்னும் இரண்டு தடவை இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. இன்று ராத்திரி அவர் மனைவி பாண்டீஸ்வரி, தலையில் எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்டால், இல்லையே என்றுதான் அவரும் சொல்வார். விழுந்தால் அடி, யாராவது அடித்தால் அடி. ஜீப்புக் கம்பி இடிப்பது இந்த மலையில் யார் கணக்கிலும் அடி இல்லை, அது பயணம். அவர் கேட்ட கேள்வியில் தப்பில்லை. இந்த ஊரில் அதை அப்படிக் கேட்கக் கூடாது.

ஜக்கையன் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அரைகுறையாய்க் காய்ந்த ஏலக்காய் குவிந்து கிடந்தது. பழைய ஜக்கையனாக இருந்தால் அதை அள்ளிக் கொட்டிய ஆள்கள் இந்நேரம் நாலு ஊர் தள்ளி ஓடியிருக்க வேண்டும். அவர் அதைப் பார்த்துச் சாந்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மாரீஸ்வரனைக் கண்டதும் வா தம்பி என்றார். பேர் ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை.

மாரீஸ்வரன் ஆயம்மாளைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார். வழியெல்லாம் நல்ல வார்த்தையாக நாலைந்து யோசித்து வைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் உதவவில்லை.

"மதினி, நான் தப்பாப் பாத்துட்டேன். அண்ணன் மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. இன்னைக்கே மதுரைக்குக் கொண்டு போகணும்."

புதன்கிழமை ஒன்று, இன்றைக்கு ஒன்று சொன்னால் எதை நம்புவது என்று ஆயம்மாள் கேட்டாள். கேட்ட குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. மாரீஸ்வரன் முத்துப்பிரியா சொன்னதையெல்லாம் சொன்னார். படத்தில் தன் விரல் எங்கே நின்றது என்பதைத் தன் நெற்றியில் தொட்டுக் காட்டினார். இது மறதி நோய் இல்லை, அந்த நோய் என்றால் ஆள் திரும்பி வரமாட்டார், இது என்றால் வருவார் என்று சொன்ன இடத்தில்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு வாரமா அவருக்குக் கோவமே வரல தம்பி" என்றாள். "குலசாமிகிட்ட நேந்துக்கிட்டது பலிச்சிருச்சுன்னு இருந்தேன். அவரு ஒண்ணு சொன்னா நான் ரெண்டு சொல்லுவேன். இப்ப எதச் சொன்னாலும் சரி சரிங்கிறாரு. எனக்கு வீட்டுல பேச ஆளில்லாமப் போச்சு."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புருஷனின் செருப்பைத் தேடி எடுத்து வந்து மாட்டிவிட்டாள். அதற்கு மேல் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இறங்கும்போது ஜக்கையனை முன்சீட்டில் தலையணை வைத்து உட்கார்த்தினார்கள். மொக்கையன் தன் ஆயுளில் முதல் தடவையாக மெதுவாக ஓட்டினான். மாரீஸ்வரன் பின்னாலிருந்து, அண்ணன் எப்போதும் எங்கே உட்காருவார் என்று ஆயம்மாளிடம் கேட்டார். பின்னாலதான், முன்னால் உட்கார்ந்தால் ஆள்கள் பேசிக்கொள்வது காதில் விழாதே என்றாள். கம்பி இடிக்காதா என்றார். இடிக்கும், போன மாசம் கூடத் துண்டை மறந்து போய் இடித்துப் புடைத்திருந்தது, எண்ணெய் தேய்த்துவிட்டேன், அதெல்லாம் ஒரு அடியா என்றாள். மாரீஸ்வரன் இல்லை என்று தலையாட்டினார்.

கீழே ஆம்புலன்சோடு முத்துப்பிரியா காத்திருந்தாள். அப்பா அம்மாவைப் பார்க்காமலே திரும்ப மதுரைக்குக் கிளம்பினாள். ஆண்டிபட்டியைத் தாண்டும்போது ஜக்கையன் கண்ணைச் சொருகிக்கொண்டு தூங்க ஆரம்பித்தார். எழுப்பினால் எழுந்தார், மறுபடி தூங்கினார். மாரீஸ்வரன் அவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாம் தயாராக இருந்தது. ரத்தத்தை இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டதும் அறுவை டாக்டர் முகத்தைச் சுளித்தார், ஆனால் தள்ளிப்போட முடியாது என்று உள்ளே கொண்டுபோய்விட்டார். ஆயம்மாள் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் உதடு ஓயாமல் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

மாரீஸ்வரனால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடக்கிற பழைய வியாதி வந்துவிட்டது. முத்துப்பிரியா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து வரச் சொல்லித் தன் படம் பார்க்கும் அறைக்கு அழைத்துப் போனாள். அரை இருட்டில் மேல்படிப்பு மாணவர்கள் நாலு பேர் திரைகளுக்கு முன்னால் இருந்தார்கள். எல்லாரும் அவர் பிள்ளை வயது. இவர் டாக்டர் மாரீஸ்வரன், போடியிலிருந்து ஒரு படம் கொண்டுவந்திருக்கிறார், இன்றைக்கு இவர்தான் உங்களுக்கு வாத்தியார் என்று சொல்லிவிட்டு அவள் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

தப்பாகப் படித்த ஒரு படத்தை நாலு பிள்ளைகள் முன்னால் போட்டு நிற்பதற்கு யாருக்குத்தான் மனசு வரும். ஆனாலும் மாரீஸ்வரன் படத்தைப் போட்டார். என்ன தெரிகிறது என்று கேட்டார். ஒரு பையன் இடத்தையும் வலத்தையும் ஒப்பிட்டான். இன்னொரு பெண், நடுக்கோடு நேராக இருக்கிறது, ரத்தம் இல்லை என்றாள். நாலு பேரும் சேர்ந்து நார்மல் என்றார்கள். புதன்கிழமை நான் நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள் என்றார் மாரீஸ்வரன். பிறகு வயதைச் சொன்னார். பிறகு ஒரு மடிப்பின் மேல் விரலை வைக்கச் சொன்னார். அந்தப் பெண்ணின் விரல் எலும்புக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றபோது, அவள் மூச்சை இழுத்துக்கொண்டது அறை முழுக்கக் கேட்டது. கண் திறக்கிற அந்த நொடியை இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது இத்தனை நன்றாக இருக்கும் என்று மாரீஸ்வரனுக்குத் தெரியாது.

தலையில் அடிபட்டதா என்று நீங்கள் கேட்கவில்லையா என்றான் ஒருவன், கொஞ்சம் மிடுக்காக.

"கேட்டேன். இல்லன்னாக. பொய் சொல்லல" என்றார் மாரீஸ்வரன். "எங்க ஊர்ப் பக்கம் ஆளு வந்தா, அடி பட்டுச்சான்னு கேக்காதீக. ஜீப்புல எந்தப் பக்கம் உக்காருவீக, துண்டு கட்டுனீகளான்னு கேளுங்க."

நாலு பேரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் முத்துப்பிரியாவும் குறித்துக்கொண்டாள். போடிப் பெண்தான் என்றாலும், கேள்வியை இப்படித் திருப்பிப் போடலாம் என்று அவளுக்கும் அதுவரை தோன்றியதில்லை. அவள் எதையோ எழுதுவதைப் பார்த்தபோது மாரீஸ்வரனுக்குள் அன்றைக்குக் காலையிலிருந்து இறுகியிருந்த ஏதோ ஒன்று லேசாகத் தளர்ந்தது. அந்த நேரத்தில் போன் வந்தது. இரண்டு பக்கமும் வடித்துவிட்டார்கள், நன்றாக வந்தது, மூளை விரிந்து மேலே வருகிறது என்றார் அறுவை டாக்டர்.

மறுநாள் காலையில் உள்ளே விட்டார்கள். ஜக்கையன் தலையில் பெரிய கட்டோடு கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஆயம்மாள் கீழே கேன்டீனில் பிளாஸ்க் நிறையக் காப்பி வாங்கி வந்திருந்தாள். நர்ஸ் கொஞ்சம் கொடுக்கலாம் என்றதும், டம்ளரில் ஊற்றி அவரைத் தாங்கிப் பிடித்து வாயில் வைத்தாள். மாரீஸ்வரன் கட்டிலின் கால்மாட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதற்குப் பின் இவர் யாராக இருக்கப்போகிறார் என்பது அந்தக் கண் திறந்தால்தான் தெரியும்.

ஜக்கையன் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. கண்ணைத் திறந்து டம்ளரைப் பார்த்தார், ஆயம்மாளைப் பார்த்தார்.

"இதென்னடி, காப்பியா மாட்டுக்கு வைக்கிற கழனியா? எவன் போட்டது?"

பிறகு கால்மாட்டில் நின்றவரைப் பார்த்தார். "நீ என்னத்துக்குடா மாரி இங்க நிக்கிற? சென்டருக்குப் பூட்டப் போட்டுட்டு ஊர் சுத்துறியா? சோலியில்ல உனக்கு?"

மாரீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீர்தான் முந்திக்கொண்டது. ஆயம்மாள் டம்ளரில் இருந்த மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினாள்.

"குடிச்சாக் குடிங்க, இல்லாட்டி வச்சிருங்க. ஆஸ்பத்திரியில வந்து நாட்டாம பண்ணாதீக" என்றாள்.

சொல்லிவிட்டு, அதே பிளாஸ்கிலிருந்து அதே காப்பியை இன்னொரு டம்ளர் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்து நின்றாள்.